இரும்புப்பெட்டிக்குப் பின்னால் ஒரு பூனை

உரும்பிராய்த் தம்பிஐயாவுக்கு ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஹிந்திப் படமோ தமிழ்ப் படமோ, மெசினில் போட்டு ஓட்டுவதில் தன்னை மிஞ்ச யாழ்ப்பாணத்தில் ஆளில்லை என்று அவர் நம்பியிருந்தார். பதினேழு வருடமாக மற்றவர்களும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற வேலைக்குத்தான் பட்டணத்துக்கு வந்தார். மெசின் அறைக்குப் பசைவாளியோடு போய்வரும்போது பார்த்ததுதான் படிப்பு. ஒருநாள் ஓட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்க, தம்பிஐயா பசைவாளியை வைத்துவிட்டுக் மெசின் விளக்கின் காபன் குச்சியைக் கொளுத்தினார். அன்றைக்குப் பிடித்த மெசினைப் பிறகு விடவில்லை.

அவருடைய பெயர் நின்றது ஒட்டில். படச்சுருள் அறுந்தால் இரண்டு முனையையும் சுரண்டிப் பசை தடவி ஒட்டவேண்டும். மற்றவர்கள் போட்ட ஒட்டு மெசினுக்குள் போகும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். தம்பிஐயா சுரண்டுவது நகத்தால் தடவிப் பார்த்துப் பார்த்து. பசை வைப்பது கோழியிறகின் நுனியால். அவர் போட்ட ஒட்டு போனதே தெரியாது. முனையில் ஒரு படச்சட்டத்தைக் கூட வீணாக வெட்டமாட்டார். நடிகைகளின் முகத்தை நறுக்கிப் பெட்டியில் சேர்க்கிற ஓட்டுநர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

பாண் ரொட்டிக்கும் சனம் வரிசையில் நின்ற எழுபத்துமூன்றாம் ஆண்டு, ஹிந்திப் படங்களுக்கு ஒரு பிரதிதான் யாழ்ப்பாணம் வரும். இரண்டு தியேட்டர்கள் அதைப் பங்குபோட்டு ஓட்டின. தம்பிஐயாவின் தியேட்டரில் இரண்டரைக்குத் தொடங்கும். ஓடிமுடிந்த றீலை, றீல் காவுகிற முருகேசு சைக்கிள் கரியரில் சாக்குப்போட்டுக் கட்டிக்கொண்டு போவார். மற்றத் தியேட்டரில் மூன்றரைக்குத் தொடக்கம். அங்கே மெசின் பிடித்தவன் நஸ்ருதீன்.

நஸ்ருதீனுக்கு முப்பது வயதுகூட இல்லை. பம்பாயில் மாமனின் புடைவைக் கடையில் நாலு வருடம் நின்றவன். ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. ஒருநாள் படத்தின் நடுவில், விளம்பரம் சொல்லுகிற மைக்கை எடுத்து, “தாய்க்காரி சொல்லுறா, உவன் என்ரை பிள்ளையில்லையாம்” என்று தமிழில் சொல்லிவிட்டான். சனம் கைதட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹிந்திப் படத்துக்கும் சொன்னான். அங்கே முன்வரிசைக் கலரி நிறைந்தது. இங்கே தம்பிஐயாவின் துப்புரவான வெளிச்சத்தில் உட்கார ஆளில்லாத கதிரைகள் வடிவாகத் தெரிந்தன.

றீல் எடுக்க வரும்போதெல்லாம் முருகேசு ஒரு சங்கதி கொண்டுவருவார்.

“அண்ணை, உவன்ரை பகிடிக்கு இண்டைக்கு ஒரு மனிசி சிரிச்சுச் சிரிச்சு விக்கலெடுத்துப் போனா.”

“படத்துக்குள்ளை கதைக்கிறது ஒழுங்கீனம்” என்பார் தம்பிஐயா. தனக்குள் எரிந்ததற்கு அவர் வைத்த பெயர் அதுதான்: ஒழுங்கீனம்.

அந்த ஆவணியில் வந்தது கொள்ளைக்காரர் படம். நாலு பேர் சேர்ந்து பம்பாய் வங்கியொன்றின் நிலவறையை உடைக்கிற கதை. காரோட்டம், ஓடும் ரயிலின் கூரையில் சண்டை, எல்லாம் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை முதற்காட்சியில் தம்பிஐயாவைப் பிடித்து நிறுத்தியது பதினாலாம் றீல். நரைத்த கள்ளன் ஒருவன் டாக்குத்தரின் குழாயை இரும்புப்பெட்டியில் வைத்துப் பூட்டின் சத்தத்தைக் காதால் கேட்டுத் திறக்கிறான். இரண்டு நிமிடம் ஒருவரும் ஒரு சொல் பேசுவதில்லை. விரல்கள் மட்டும் சுற்றுகின்றன. அந்த விரல்களைத் தம்பிஐயா தன்னுடையவை போலப் பார்த்தார். ‘இந்த இடத்தை விளங்கிக்கொள்ள ஒருத்தன்ரை மைக்கும் தேவையில்லை’ என்று நினைத்தபோது மனம் குளிர்ந்தது.

அடுத்த நாள் காலை மனைவி கனகாம்பிகை தேநீரோடு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பக்கத்து வீட்டுப் பத்மாசினியோடை படத்துக்குப் போறன்.”

“வாவன். பல்கனியிலை இடம் சொல்லிவைக்கிறன்.”

“உங்கை இல்லை. நஸ்ருதீன்ரை தியேட்டருக்கு.”

தியேட்டருக்கு முதலாளியின் பெயர் இருந்தது. ஓட்டுகிறவனின் பெயரைச் சேர்த்து ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

“காசு குடுத்தோ? அதே படம், அதே றீல். என்ரை கையாலை போறதுதான் அங்கை ஓடுறது.”

“ஓம். உங்கடை தியேட்டரிலை படம் வடிவாய்த் தெரியும். அங்கை படம் விளங்கும்.”

அவள் குத்திப் பேசவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பிற்பகல் பதினாலாம் றீல் ஓடி இறங்கியது. அடுத்த மெசினில் பதினைந்தை ஏற்றிவிட்டு, இறங்கியதைத் திருப்பிச் சுற்றும்போது தம்பிஐயாவின் கை நின்றது. கள்ளன் குழாயை வைக்கும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டினார். கதவு திறந்த இடத்தில் இன்னொன்று. நூற்றெண்பது அடி கையோடு வந்தது. முனைகளைச் சுரண்டிக் கோழியிறகால் பசை வைத்து, வழமைபோல நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். பதினேழு வருடத்தில் அவர் போட்ட ஒட்டுகளில் அதைப்போல ஒன்று இல்லை. வெட்டிய துண்டைக் காபன் குச்சிப் பெட்டிக்குள் சுருட்டிவைத்தார். ‘உவன் இப்ப எதைச் சொல்லுறான் எண்டு பாப்பம்.’ கதவு திறக்காமலே கள்ளர் நகையோடு ஓடினால் கலரி கதிரையை உடைக்கும். முழுப்படம் தம்பிஐயாவின் தியேட்டரில்தான் என்று ஊர் சொல்லும். கனகாம்பிகையும் சொல்லுவாள்.

தன் காட்சி முடிந்ததும் சைக்கிளை எடுத்து மிதித்தார். வாசற்காரன் தெரிந்தவன், விட்டான். பின்சுவரோடு நின்றார். பெண்கள் பக்கத்தில் கனகாம்பிகையின் கொண்டை தெரிந்தது.

திரையில் நாலு பேரும் இரும்புப்பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள். அடுத்த கணம் பைகளோடு ஓடினார்கள்.

“டேய்! வெட்டிட்டான்ரா!” குருநகர்ப் பெடியள் கலரியில் எழும்பிவிட்டார்கள். விசில், கூச்சல், கதிரை தட்டுகிற சத்தம். தம்பிஐயாவின் நெஞ்சு இனித்தது.

மெசின் நின்றது. இருட்டு. பிறகு மைக் கரகரத்தது.

“கத்தாதையுங்கோ, அண்ணைமார். படம் மூச்சு வாங்குது. அதுக்கிடையிலை நடந்ததை நான் சொல்லுறன். கிழவன் பெட்டியிலை குழாயை வைச்சிட்டான். உள்ளுக்கை மூண்டு சத்தம் கேக்கவேணும். ஒண்டு கேட்டிட்டுது. ரெண்டும் கேட்டிட்டுது. மூண்டாவது... இல்லை. வேறை என்னவோ கேக்குது. குர்ர்ர்... குர்ர்ர்... ஆர்? காவற்காரன்ரை பூனை!”

சிரிப்பு எழுந்து அடங்கியது.

“ஒருத்தன் பூனையை உதைக்கப் போனான். கிழவன் காலைப் பிடிச்சிட்டான். உதைச்சால் கத்தும், கத்தினால் காவற்காரன் எழும்புவான். மெல்ல மடியைத் தடவினான். ஒரு துண்டுக் கருவாடு.”

“பம்பாயிலை கருவாடோ?” என்றது கலரி.

“ஏன், பம்பாயிலை கடல் இல்லையோ? பூனை திண்டுது. குர்ர் நிண்டுது. ஒருத்தரும் மூச்சு விடாதையுங்கோ, கிழவனுக்குக் கேக்கவேணும்...”

எழுநூறு பேர் மூச்சை அடக்கினார்கள். எங்கோ ஒரு குழந்தை விக்கியது.

“டிக்.”

மெசின் வெளிச்சம் பாய்ந்தது. கள்ளர் பைகளோடு ஓடினார்கள். தியேட்டர் அதிர்ந்தது. கனகாம்பிகை வாயைப் பொத்திக்கொண்டு பத்மாசினியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். தன் மூச்சும் அடங்கியிருந்தது தம்பிஐயாவுக்கு அதை வெளியே விட்டபோதுதான் தெரிந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கூடிய எரிச்சல்.

றீல் திரும்பி வந்ததும், மாலைக் காட்சிக்கு முன் துண்டை இருந்த இடத்தில் ஒட்டினார். படம் முழுதாயிற்று. ஆனால் பூனை ஊருக்குள் இறங்கிவிட்டது. முதல்நாளே பார்த்தவர்களும் தாங்கள் அதைக் கண்டதாகச் சொன்னார்கள்.

“இப்ப பூனைக்கு உவன் என்ன செய்யிறான்?” என்று தம்பிஐயா முருகேசுவிடம் கேட்டார்.

“அது இரும்புப்பெட்டிக்குப் பின்னாலை நிக்குதாம், வாலைப் பாருங்கோ எண்டு சொல்லுறான். சனம் வாலைக் கண்டிட்டம் எண்டு கைதட்டுது.”

“நீயும் கண்டனியோ?”

முருகேசு கொஞ்சம் யோசித்தார். “நுனி மட்டும், அண்ணை.”

ஞாயிற்றுக்கிழமை தம்பிஐயாவின் தியேட்டர் நிறைந்தது. இவ்வளவு பக்கத்தில் துப்புரவான வெளிச்சம் இருக்க, பூனையை இங்கே வடிவாகப் பார்க்கலாம் என்று சனம் நினைத்துவிட்டது. பல்கனியில் கனகாம்பிகையும் பத்மாசினியும். பதினாலாம் றீல் வந்தது. கள்ளன் குழாயை வைத்தான். விரல்கள் சுற்றின. கதவு திறந்தது.

“பூனை எங்கை?” என்றது ஒரு குரல்.

“வெட்டிட்டான்! தம்பிஐயா பூனையை வெட்டிட்டான்!”

மெசின் அறையின் சிறு துவாரத்தில் ஒரு வெற்றிலைக் கட்டு வந்து மோதியது. ஒரு சட்டமும் குறையாத படம் ஓடிக்கொண்டிருந்தது. மைக் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ‘பூனையே இல்லை’ என்று சொல்லலாம். அது உனக்கு எப்படித் தெரியும், அங்கே ஏன் படம் தாவியது என்று யாராவது திருப்பிக் கேட்டால்? அவர் மைக்கைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை மெசினின் கண்ணாடி வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நஸ்ருதீன் படியேறி வந்தான்.

“அண்ணை, சனிக்கிழமை பதினாலாம் றீல் எனக்குத் தாவிச்சுது.”

தம்பிஐயா துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒட்டு உள்ளுக்காலை போச்சு. டக் எண்டு கேக்கேல்லை. சத்தமில்லாமல் ஒட்டுற கை இந்தப் பட்டணத்திலை ஒண்டுதான்.”

துணி நின்றது. “முதலாளியிட்டைச் சொல்லப்போறியோ?”

“சொல்லி? எனக்கொரு பூனை கிடைச்சுது.” நஸ்ருதீன் சிரித்தான், பிறகு சிரிப்பு போய்விட்டது. “அந்த ஒட்டைத் திரும்பத் திரும்பத் தடவிப் பாத்தன், அண்ணை. அஞ்சு வருசமாய் ஒட்டுறன். எனக்கு உது வரேல்லை. சனத்தைச் சிரிக்கவைக்கலாம், உது வராது. வயிறு எரியுது.”

அவன் போனபிறகும் தம்பிஐயா ‘வயிறு எரியுது’ என்ற அந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். இனிப்பு மத்தியானம் வரைக்கும் நின்றது.

மத்தியானம் கனகாம்பிகை சோற்றைப் போட்டாள், முகம் பார்க்கவில்லை.

“நேற்று எவ்வளவு வெக்கமாய்ப் போச்சு. உண்மையைச் சொல்லுங்கோ. வெட்டினனீங்களோ?”

இல்லாத பூனையை வெட்டவில்லை என்று சொன்னால் உள்ள வெட்டு வெளியே வரும். தம்பிஐயா சோற்றைப் பிசைந்தார்.

“ஓம்” என்றார். “வெட்டினனான்.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒருநாளும் வெட்டினதில்லை என்று ஊரெல்லாம் சொன்ன கை. கோபிப்பாள் என்று பார்த்தார். அவளோ குரலைத் தாழ்த்தினாள்.

“அப்ப அதைக் கண்ணாலை கண்டது நீங்கள் ஒராள்தான். உவன் வாயாலை சொன்னதுதானே. நீங்கள் சொல்லுங்கோ, பூனை எப்பிடி இருந்தது?”

பதினேழு வருடமாகத் தம்பிஐயா யாருக்கும் ஒரு கதை சொன்னதில்லை. தொண்டையைச் செருமினார்.

“கறுப்பு” என்றார். “நெத்தியிலை ஒரு வெள்ளைப் புள்ளி.”

“பிறகு?”

நஸ்ருதீனின் கருவாடு நினைவுக்கு வந்தது. எழுநூறு பேரின் மூச்சு நினைவுக்கு வந்தது. தம்பிஐயா கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி அவளைப் பார்த்தார்.

“உவன் முழுக்கச் சொல்லேல்லை” என்றார். “அங்கை ரெண்டு பூனை நிண்டது.”