மட்டிக்குக் கட்டிய காப்பு

மிளகு போட்டு மட்டி வேகும்போது எழும் சேறும் காரமும் கலந்த ஆவி, எங்கள் லயத்தின் கடைசி வீடுவரை போகும். லுணுகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெயில் காலம் வந்தால் கொழுந்து குறையும், கூடவே வேலையும் குறையும். அந்த வாரங்களில் கறி என்று சட்டியில் விழுந்தது, லயத்துக்குக் கீழே ஓடும் ஆற்று மடுவில் கால்விரலால் துழாவி எடுத்த இந்த மட்டிச் சிப்பிதான்.

ஒரு வெயிலில் கிழட்டு மட்டிகள் மட்டுமே அகப்பட்டன. நகத்தளவுக் குஞ்சு ஒன்றுகூட இல்லை. "இப்பிடியே அள்ளுனா நம்ம புள்ளைகளுக்கு என்னாத்த ஆக்கிக் குடுக்கிறது?" என்று பயந்துபோன என் அம்மா, கோயில் பூசாரியைக் கூட்டிப்போய் மடுவோரத்து மரத்தில் மஞ்சள் துணி சுற்றிக் காப்பே கட்ட வைத்துவிட்டார். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் மீன், இறைச்சி என்று "கவிச்சி" எதையும் தொடமாட்டோம் அல்லவா, அதுபோல் குஞ்சு கண்ணில் படும்வரை மட்டியைத் தொடக்கூடாது. அம்மன் பேரில் கட்டியதை மீற எவருக்கும் துணிச்சல் இல்லை. "மீனு வேணுமின்னா புடிச்சுக்குங்க, அதுக்குக் காப்பு இல்ல" என்று பெரிய மனதோடு அனுமதியும் கொடுத்தார். நாங்கள் விடுவோமா? பழைய சேலையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மடுவின் மீன்களையெல்லாம் அடுத்தடுத்த வெயில்களில் அரித்துத் தின்று தீர்த்தோம். கீழே அணைக்கட்டு வந்த பிறகு புதிய மீன் ஏறி வரவும் வழியில்லை. மட்டிக் குஞ்சும் கண்ணில் படவே இல்லை.

இப்போது பதுளையில் இருக்கிறேன். அண்மையில் தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். தாய் மட்டி கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளைத் தண்ணீரில் விடுமாம். அவை மீனின் செவுளைப் பற்றிக்கொண்டு சில வாரம் வளர்ந்த பிறகே மணலில் இறங்குமாம். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகுமாம்.

போன மாதம் லயத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கொழுந்து பறிக்கப் போகும்போது என்னைக் கைக்குழந்தையாகப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுப் போனவர் அவர்.

"அப்ப மீனுதான் அதுக்குப் புள்ளக் காம்பராவா? நாந்தானே அதத் திங்கச் சொன்னேன்."

"தெரியாமத்தானம்மா சொன்னீங்க."

"பதுளையில மீனு வாங்கியாந்து விட்டா என்னா?"

சந்தையில் இருப்பது ஐஸில் கிடக்கும் செத்த கடல் மீன். உயிரோடு கொண்டுவருவதென்றாலும் எந்த மீன் இந்த மட்டிக்கு ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

மறுநாள் காலை இருவரும் மடுவுக்குப் போனோம். அம்மா குனிந்து ஒரு மட்டியை எடுத்தார். உயிரோடு இருந்தது, இறுக மூடிக்கொண்டது. இந்த வருடமும் அது குஞ்சுகளை விட்டிருக்கும். அம்மா அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மீன் இல்லாத தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.