அலையாத்திக் காட்டின் எடை

காட்டை வெட்டாமலேயே அதன் எடையைச் சொல்வதுதான் என் பிழைப்பு. செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை மரங்களில் பட்டுத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்று பார்த்து, இங்கே இவ்வளவு மரம் என்று கணக்குப் போடுவேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இதை விளக்கினால் என் கணவர், "பாசார்ல மீன்காரன் கண்ணாலயே எடை போடுறான். அவனுக்கு யாரு டாக்டர் பட்டம் கொடுத்தா?" என்பார்.

போன வருடம் கிள்ளானில் வன ஊழியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தேன். வந்தவர்களில் ஒருவர் போர்ட் கிள்ளான் மீனவர் வீட்டுப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒப்பந்த வேலை. தேர்ச்சி பெற்றால்தான் வேலை நிரந்தரமாகும். அதற்கு, அலையாத்திக் காட்டில் அவர் நாடா பிடித்து அளந்த கணக்கு என் ரேடார் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகவில்லை. என் படம் ஏறக்குறைய இரு மடங்கு காட்டியது.

"சேத்தைப் பார்த்ததும் பாதி மரத்தை விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முகம் சிறுத்துப்போன அவர், மறுநாள் இடுப்பளவு சேற்றில் இறங்கி மறுபடி அளந்தார். அதே எண்தான் வந்தது.

நான்காம் நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்தார். "அக்கா, இந்தப் படம் எடுத்தப்ப தண்ணி ஏறியிருந்துச்சா, வத்தியிருந்துச்சா?"

"அதெல்லாம் பார்க்கலையேம்மா."

"கடலோரக் காடு லா அக்கா."

படம் எடுத்த நாளின் கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். படம் எடுத்த நேரத்தில் மரங்களின் அடியில் நிறையத் தண்ணீர். ரேடார் அலை தண்ணீரிலும் தண்டிலும் மோதிப் பலமாகத் திரும்பியிருக்கிறது. நான் அதையும் மரமென்று எண்ணிவிட்டேன். வகுப்பில் நானே நடத்துகிற பாடம் இது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தண்ணீர் வற்றியபோது எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தோம். அவர் கணக்கு சரியாகப் பொருந்தியது.

திட்டியது எல்லார் முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாகவா? வகுப்பைக் கூட்டி, "இவங்க ஒழுங்காத்தான் அளந்திருக்காங்க. தப்பு என்னோடது" என்றேன். அவருடைய தேர்ச்சித் தாளில் அங்கேயே கையெழுத்தும் போட்டேன்.

தாளை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் கேட்டார். "அப்போ நான் ரெண்டாவது தடவை சேத்துல இறங்குனதுக்கு?"

சாயங்காலம் சேறு அப்பியிருந்த அவருடைய பூட்ஸை வாங்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து கழுவினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடியில இன்னும் இருக்குக்கா," என்றார்.