டேப்பில் இரைந்த கடல்

மார்கழிப் பனி விழத் தொடங்கிய வாரத்தில், அருமனையில் எங்கள் வீட்டுக்கு எதிரே சாலை வேலைக்காரர்கள் ஒரு தகரக் கேபினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கிரேன் அதைத் தூக்கி ரப்பர் மரங்களுக்கு ஓரமாக வைத்துவிட்டுப் போயிற்று. மறுநாள் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் அதன் கதவுக்குள் தலையை நீட்டினேன். எதிலும் தலையை நீட்டாமல் இருக்க முடியாதா என்று மனைவி நாற்பது வருடமாகக் கேட்கிறாள். முடியவில்லை. உள்ளே பிளைவுட்டும் பெயின்ட்டும் டீசலும் கலந்த ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். காவலுக்கு இருந்தவர் என்ன வேண்டும் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். காதில் விழவில்லை.

இந்த வாசனைக்குள் பத்து நாள் விடுமுறை கழித்தவன் நான். விடுமுறை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துவிடாதீர்கள். சவுதியின் வடக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் ஒரு தகரப் பெட்டி. எண்ணெய்க் குழாய் பதிக்கும் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. அருமனையில் அப்பாவின் மளிகைக் கடையில் நான் நின்றால், அரைக் கிலோ சீனி வாங்க வந்தவர் அரை நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவார். மற்றவர்கள் பார்த்துப் பார்த்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். இவனை எங்காவது தூரமாக அனுப்பினால்தான் கடை பிழைக்கும் என்று அண்ணன்மார் முடிவு செய்தார்கள்.

டிசம்பர் கடைசியில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வேலை நின்றுவிடும். ஆனால் பாலைவனத்தில் அடுக்கிவைத்த குழாய்களுக்கு யாராவது காவல் இருக்க வேண்டும். அந்த வருடம் என்னையும் யேசுதாசனையும் அனுப்பினார்கள். உங்களுக்கு ஹாலிடே என்று சொல்லி ஃபோர்மேன் கண்ணடித்தான். முகாமிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, எங்களையும் அரிசி மூட்டையையும் இறக்கிவிட்டுப் போனார்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அதுதான் எங்களுக்கும் உலகத்துக்கும் இருந்த தொடர்பு.

குளிர் என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. நம் ஊரில் மார்கழிக்கு ஒரு தலைத்துண்டு போதும். அங்கே விடியும்போது டிரம்மில் தண்ணீர் மேலாகக் கண்ணாடிபோல உறைந்து கிடக்கும். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சிமென்ட் சாக்கைக் கிழித்து மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, சிரிக்காத தாசனே சிரித்தான்.

தாசன் தேங்காய்ப்பட்டணத்துக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து வெல்டிங் படித்தவன். நான் நூறு வார்த்தை பேசினால் அவன் ஒன்று பேசுவான். அந்த வருடம் லீவில் போய்க் கல்யாணம் முடித்து, இரண்டே மாதத்தில் திரும்பியிருந்தான். அவன் மனைவி ரோஸ்லிக்கு அப்போது ஏழாவது மாதம்.

அந்த நாளில் எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுப் பேச்சு கேசட்டில்தான் வரும். லீவு முடிந்து திரும்புகிற ஊர்க்காரன் மாங்காய் ஊறுகாய், நெத்திலிக் கருவாடு, அவற்றோடு ஆளுக்கொரு கேசட் என்று கொண்டுவந்து கொடுப்பான். ஒரு பக்கம் மனைவி பேசியிருப்பாள், மறுபக்கம் அப்பா, அம்மா, மற்றவர்கள். நாங்கள் பத்து இருபது முறை கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அவர்கள் பேசியதன் மேலேயே பதில் பேசி, அடுத்து ஊருக்குப் போகிறவனிடம் கொடுத்துவிடுவோம். அவர்களும் அப்படியே செய்வார்கள். ஒரே கேசட் வருடக்கணக்கில் போய் வந்துகொண்டிருக்கும். கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள், குரலை மட்டும் அழித்து அழித்துத் திருப்பி அனுப்பினோம். அது யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

போய் இறங்கிய நாளிலிருந்தே கேபினில் ரோஸ்லியின் கேசட்தான் ஓடியது. தனியாகக் கேட்டுக்கொள், நான் வெளியே நிற்கிறேன் என்றால் தாசன் விடமாட்டான். வெளியே குளிர், இரு என்பான். அதனால் நானும் கேட்டேன். புது வீட்டுக்குச் சுவர் சன்னல் மட்டம் வரைக்கும் வந்திருந்தது. கோவில் மணி அடித்தால் வயிற்றுப் பிள்ளை உதைக்கிறது என்றாள். நடுவில் கருவாட்டைக் கொத்த வந்த காகத்தை விரட்டப் போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து சிரித்தாள். கடைசியில் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறாள்.

"இங்க கடலு கெடந்து இரையுது. கேக்குதா?"

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் பேசவில்லை. பக்கம் தீரும் வரைக்கும் கடல் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். சுற்றிலும் மண்ணாகக் கிடந்த அந்தத் தகரப் பெட்டிக்குள், தேங்காய்ப்பட்டணத்துக் கடலை நாங்கள் இருவரும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து கேட்டோம். தாசன் கண்ணை மூடிக்கொள்வான்.

எட்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் லாரி வந்தது. ஓட்டி வந்தவன் மார்த்தாண்டத்துக்காரன், மறுநாள் ஊருக்கு விமானம் ஏறுகிறான். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதற்குள் கேசட்டைக் கொடுத்தால் கொண்டுபோவதாகச் சொன்னான். வீட்டாருக்குப் பேச வேண்டிய பக்கத்தைத் தாசன் எப்படியோ முடித்தான். ரோஸ்லியின் பக்கத்தில் பத்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டான். பக்கத்தில் நான் இருந்தது காரணமாக இருக்கலாம். உடம்பைப் பார்த்துக்கொள், ஆஸ்பத்திரிக்கு முந்தியே போய்விடு என்பதையே மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னான்.

"போரும் மக்கா. மிச்சம் அவ பேசுனது கெடக்கட்டும். கடலு இருக்குல்லா."

நான் விடுவேனா? இருபது நிமிடம் காலியாகக் கிடக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

"அவ வாசல்ல கெடக்க கடல அவளுக்கே திருப்பி அனுப்பப் போறியாலே?"

லாரிக்காரன் வாயில் சோற்றோடு சிரித்தான். தாசனும் சிரித்தான் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு நான் ஆரம்பித்தேன். உங்கள் வீட்டுக்காரர் சோற்றைக் கருக்குகிற விதம், ஃபோர்மேன் இங்கிலீஷில் திட்டுகிற விதம், சாக்கு மாட்டிக்கொண்டு நான் இருக்கிற கோலம் என்று டேப் தீர்ந்து பொத்தான் தானாக எழும்புகிற வரைக்கும் பேசினேன்.

ரோஸ்லி அதைக் கேட்டாள். கேட்டது மட்டுமல்ல, அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டிவைத்துப் போட்டுக்காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். பிரசவம் முடிந்து பதில் பேசி அனுப்புவதாகக் கேசட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாளாம். லாரிக்காரன் லீவு முடிந்து திரும்பி வந்து சொன்னபோது எனக்கு ஒரே பெருமை. அதற்கடுத்த வாரம் தந்தி வந்தது. பெண் குழந்தை பிறந்திருந்தது. ரோஸ்லி பிழைக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடமிருந்து வாங்கித் தாசன் ஊர் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

கல்யாண ஆல்பத்தில் அவள் முகம் இருந்தது. குரல் எங்கும் இல்லை. இருந்தது அந்த ஒரு கேசட், அதில் நான். குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பி வந்த தாசன் என்மீது கோபப்படவில்லை. பழையபடி ஒன்றாகச் சமைத்தோம். ஒரே ஒருமுறை, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"அந்தக் கடைசி பாகத்த நாம விட்டிருக்கலாம், கேட்டியா."

நாம என்றான். நீ என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பிறகு ஆளுக்கொரு கம்பெனிக்கு மாறினோம், ஊர் திரும்பினோம். அருமனையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் கல்யாணம், கோவில் திருவிழா என்று அவன் அழைத்தால்தான் போவேன். போன மழைக்காலத்தில் அவன் இறந்தபோது போனேன். ரோஸ்லி இறங்கி நின்ற கரை இப்போது இல்லை. கடல் ஏறி வந்து எடுத்துக்கொண்டது. பாறாங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

தகரக் கேபின் வந்து மூன்று நாள் கழித்து, தாசனின் மகள் ஜெசி வீட்டுக்கு வந்தாள். பெங்களூரில் நர்ஸாக இருக்கிறாள், கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவள். அப்பாவின் பெட்டியில் அந்தக் கேசட் இருந்ததாம். நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்துப் போனில் ஏற்றியிருந்தாள். போட்டாள். தாசனின் கூச்சம் பிடித்த குரல். பிறகு என் குரல். இந்த உளறுவாயன் யார் என்று ஒரு கணம் எனக்கே பிடிபடவில்லை. என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கடைசிப் பாகம்தான் ரொம்பத் தேய்ந்திருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். அப்பா அதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார், மாமாவின் தமாஷ் பிடித்துப்போய்க் கேட்கிறார் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன் என்றாள்.

"சாவதுக்கு முந்தி அப்பா சொன்னாரு மாமா, இதுக்கு அடியில உங்கம்மா கெடக்கான்னு. நெசமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். யார் அழித்தது என்றும் சொன்னேன். அவள் போனில் ரெக்கார்டரைத் தட்டி எனக்கு நேராக மேஜைமேல் வைத்தாள். அம்மா பேசியதை இனிச் சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதைச் சொன்னால் போதும் என்றாள்.

எண்கள் ஓடத் தொடங்கின. வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் வெறுமனே ஓடியிருக்கும். பிறகு சன்னல் மட்டம் வந்த சுவரைச் சொன்னேன். மணி அடித்தால் உதைத்த பிள்ளையைச் சொன்னேன். அது தான்தான் என்று தெரிந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். காகத்தைச் சொன்னேன். கடைசியில், இங்க கடலு கெடந்து இரையுது, கேக்குதா என்றேன்.

அதற்குப் பிறகு வர வேண்டியது கடல். எதிரே கேபினில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையும் பதிய விட்டு, ஜெசி போனை எடுத்தாள்.

"அம்மைக்க குரல் எப்பிடி இருந்துது மாமா?"

நினைவில்லை மக்களே என்றேன். எவ்வளவு முயன்றும் வார்த்தைகள்தான் வருகின்றன. கனத்த குரலா, மெல்லிய குரலா என்றுகூட வரவில்லை.

பரவாயில்லை, இது இனிமேல் அழியாது என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். அழியாதுதான். ரோஸ்லி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டாவது முறையும் என் குரல்தான் இருக்கிறது.