காப்புக் கட்டிய கையோடு எல்லை தாண்டியவள்

அறுபதுகளின் தொடக்கம். திருவரங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் சித்திக்குக் கல்யாணம். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. அவன் இருக்கிறானே, சரியான வால்!

மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் புதுக்கோட்டையிலிருந்து கார் வந்திருந்தது. அதற்கான பெட்ரோலை ஒரு டின்னில் நிரப்பி, வைக்கோல் அறையில் வைத்திருந்தார்கள். "என்னா வாசம்!" என்று காரையே சுற்றிச் சுற்றி வந்த தம்பியைச் சாயங்காலம் காணவில்லை. தேடிப் போய் வைக்கோல் அறைக் கதவைத் திறந்தால், மூடி திறந்த டின்னுக்குப் பக்கத்தில் நாக்குக் குழற உட்கார்ந்திருக்கிறான். நான் கூப்பிடக் கூப்பிட அப்படியே சரிந்தான். 

நான் கத்தியதில் கூட்டம் கூடியது. வலிப்பு என்று நினைத்து ஒருவர் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். இன்னொருவர் அரிக்கேன் விளக்கோடு வந்தார்.

"மாமா, விளக்கோட அங்கிட்டே நில்லுங்க! உள்ள பெட்ரோலு!"

குரல் சித்தியுடையது. காப்புக் கட்டிய கல்யாணப் பெண் வாசல் தாண்டக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டுவதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் நர்ஸுக்குப் படித்த சித்தி, பட்டுச் சேலையோடு பாய்ந்து வந்து அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். காற்று வருகிற இடமாகப் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"வாயில சோடா கீடா ஊத்தாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

வாகனம் என்று இருந்தது மாப்பிள்ளை கார்தான். அதை எடுத்தால் மாப்பிள்ளை ஊர்வலம் என்னாவது என்று எல்லோரும் தயங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சட்டென்று சொன்னார்: "காரை எடுக்கச் சொல்லுங்க. என் மகன் நடந்தே வரட்டும்."

தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சித்தி காரில் ஏறினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவன் கண் திறந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தி அவனைத் திட்டவில்லை.

"வாசம்னுதானடா மோந்த? அந்த நெடி உள்ள போனா மூளைக்கு நல்ல காத்துப் போகாது. ஓடுற நெஞ்சு சட்டுன்னு நின்னுரும். ஒருதரம் மோந்தாலே உசுரு போயிரலாம். இனிமே மோப்பியா?"

மாட்டேன் என்று அவன் தலையைத் தலையை ஆட்டினான்.

மறுநாள் குறித்த நேரத்தில் தாலி ஏறியது. "காப்போட எல்லை தாண்டிருச்சே" என்று முணுமுணுத்த பெரியவரிடம் சித்தியின் மாமியார், "ஒரு புள்ளயைப் பொழைக்க வச்சுட்டு வந்துருக்கு, வேற என்ன சகுனம் வேணும்?" என்று ஒரே போடாகப் போட்டார். எவ்வளவு பெரிய மனசு!

இப்போதும் பெட்ரோல் பங்கில் பேரன் மூக்கை உறிஞ்சினால், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் சகுனம் பார்த்து நின்றிருந்தால், இந்தப் பேரனைத் தூக்கிக் கொஞ்ச என் தம்பி இருந்திருக்க மாட்டான்.