மரியநாயகம் அண்ணையும் ஒரு பை இரத்தமும்

அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரைப் போத்தலில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. றீற்றா அக்கா. மரியநாயகம் அண்ணையின் மனைவி; விடியக் காலையில் எடுப்பவர் அல்ல அவர். "மாஸ்டர், அவர் போயிட்டார்" என்றார். முதல் நாள் மத்தியானம்தான் குருநகர் மரியநாயகம் அண்ணையை ஆசுபத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அவரைக் கடலில் அறிந்தவர்களும் கோயிலில் அறிந்தவர்களும் இதை வாசிப்பீர்கள். எனக்கு அவரைத் தெரிந்தது இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் மட்டும். கொக்குவிலில் புவியியல் படிப்பிக்கும் நானும் சிறுநீரகம் பழுதாகி அங்கே போய்ச் சேர்ந்தவன்தான். இரண்டு பேருக்கும் ஒரே நாட்கள், ஒரே நேரம். இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு அருகருகே கிடக்கிறவர்களுக்கு நாலு கிழமையில் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்துவிடும்.

முதன்முதலாக அவருடைய குரலை நான் கேட்டது ஒரு வாக்குவாதத்தில். உடம்பில் விற்றமின் டி மிகவும் குறைந்துவிட்டது, எலும்பு நோவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று டொக்டர் சொன்னார். அந்த விற்றமினை வெயில்தான் தரும் என்று யாரோ அண்ணைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். "சின்ன வயசிலையிருந்து கடல் வெயிலிலை கிடந்து காய்ஞ்சவன் நான். எனக்கோ வெயில் காணாது எண்டுறியள்?" என்று கேட்டார். டொக்டரான அந்த இளம் பெண் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆறுதலாக விளக்கினார். வெயில் தருவதை உடம்புக்கு உதவும்படி கடைசியாக மாற்றிக்கொடுப்பது சிறுநீரகம். அது படுத்துவிட்டால் எவ்வளவு வெயில் பட்டாலும் எலும்புக்குப் போய்ச் சேராது. புதிய இரத்தம் ஊறச் சொல்லி உடம்புக்குக் கட்டளை போவதும் அங்கிருந்துதான் என்றார். அதைக் கேட்ட அண்ணை, "அப்ப ஒரு இடம் பழுதாக எல்லாம் பழுதாகுது" என்றார். அன்றிலிருந்து மருந்துக் குளிசை ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை.

இரத்தம் ஊறுவதற்கென்று எங்களுக்கு ஓர் ஊசி போடுவார்கள். போன வருடம் அந்த ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. வரும் வரும் என்றார்கள். வரவில்லை. எல்லோருக்கும் குருதிச்சோகை கூடியது. எனக்கு வகுப்பில் நின்று படிப்பிக்க முடியாமல் கதிரை போட வேண்டி வந்தது. அண்ணையின் நிலை அதைவிட மோசம். உதடு வெளிறிப்போயிற்று. வாசலில் இருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். உடனே இரத்தம் ஏற்ற வேண்டும், இதயம் தாங்காது என்றார் டொக்டர்.

அண்ணை மாட்டேன் என்றார்.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். றீற்றா அக்கா தன் சிறுநீரகம் ஒன்றை அவருக்குக் கொடுப்பதாக இருந்தது. பரிசோதனைகள் தொடங்கியிருந்தன, அதுவரை எல்லாம் பொருந்தியே வந்தது. பிறருடைய இரத்தம் உள்ளே போனால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடக்கூடும். பிறகு அக்காவின் சிறுநீரகத்தையும் எதிர்க்கலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் ஆகலாம். இதை முன்பு எச்சரித்தவரும் அதே டொக்டர்தான்.

அண்ணையின் மச்சான் அல்பிரட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஊசியைத் தேடி மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தார். மத்தியானத்துக்குப் பிறகு, மீனுக்கு ஐஸ் போடும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஐசுக்கு நடுவில் ஒரேயொரு ஊசிமருந்து இருந்தது. அவருடைய சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. தாதி வாங்கிப் பார்த்துவிட்டு டொக்டரைப் பார்த்தார். மருந்து சரியானதுதான், ஆனால் அது வேலைசெய்யக் கிழமைக் கணக்காகும், இவருக்கு அவ்வளவு நேரம் இல்லை என்றார் டொக்டர்.

அண்ணை கட்டிலில் குனிந்து இருந்து மூச்சு வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டியது. அப்படியும் தலையை ஆட்டி மறுத்தார். சுவரோரம் நின்ற றீற்றா அக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

"இஞ்சரப்பா, என்ரை கிட்னி உங்களுக்கு வேணும். அதுக்கு முதல் நீங்கள் எனக்கு வேணும். ஏத்தச் சொல்லுங்கோ."

அண்ணை நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கொடுத்தார்.

இரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியபோது தாதியைக் கூப்பிட்டு, பெட்டியிலுள்ள ஊசியை எனக்குப் போடச் சொன்னார். அல்பிரட்டுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் வேண்டாம் என்றேன். "மாஸ்டருக்கு இன்னும் வேறை ஆரின்ரையும் ரத்தம் ஏறேல்லை. அவரின்ரை தங்கச்சியும் கிட்னி குடுக்க நிக்கிறா. அவருக்கெண்டாலும் அந்த வழி திறந்து கிடக்கட்டும்" என்றார் அண்ணை. இரண்டு பேருக்கும் எழுதப்பட்டிருந்தது ஒரே மருந்துதான். டொக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த கிழமை பிரிவுக்கே ஊசி வந்துவிட்டது. அந்த இடைவெளியைத் தாண்ட எனக்கு உதவியது அல்பிரட் கொண்டுவந்ததுதான்.

சில மாதங்களில் அவர்களுடைய பரிசோதனை முடிவு வந்தது. அண்ணையின் இரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகியிருந்தது. அக்காவின் சிறுநீரகம் இனிப் பொருந்தாது. அன்று அண்ணை போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். இயந்திரத்திலிருந்து கழற்றும் நேரத்தில்தான் வாய் திறந்தார். "றீற்றா தன்னிலை பிழையெண்டு நினைச்சிடுவா மாஸ்டர். நான் சிரிச்சுக்கொண்டு போகவேணும்." வாசலில் அக்கா காத்திருந்தார். அண்ணை சிரித்துக்கொண்டுதான் போனார்.

பிறகு எலும்பு கைவிட்டது. ஒருநாள் ஓட்டோவிலிருந்து காலை ஊன்றி இறங்கியபோது இடுப்பெலும்பு முறிந்தது. விழவுமில்லை, எங்கும் அடிபடவுமில்லை. அதன் பின் தள்ளுகட்டிலில்தான் வந்தார். ஒவ்வொரு முறையும் மெலிந்து வந்தார். கடைசியில் இதயம் நின்றுபோனது.

செத்தவீட்டுக்குப் போய் அண்ணையின் காலடியில் நின்றேன். றீற்றா அக்காதான் சொன்னார்: "ரத்தம் ஏத்தாட்டி அண்டைக்கே போயிருப்பார் மாஸ்டர். பிறகு ஒரு நத்தாருக்கு என்னோடை பூசைக்கு வந்தவர். பாட்டும் படிச்சவர்." அடக்கம் செய்யச் சேமக்காலைக்குப் போகும் வழியெல்லாம் அல்பிரட் என் கையைப் பிடித்தபடி நடந்தார்.

என் தங்கைக்கும் எனக்குமான பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கம் முடியும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழி இன்னும் மூடவில்லை. அது அவர் தந்தது. இன்னொன்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைசி மாதங்களில், இரத்தப் பரிசோதனை முடிவுகள் வரும் நாளில், தனக்கு இரத்தத்தின் அளவு எவ்வளவு என்று அறியுமுன் பக்கத்திலுள்ளவரிடம் அவருடைய அளவைக் கேட்பார்.

நேற்று அவருடைய கட்டிலில் அச்சுவேலியிலிருந்து வந்த புதிய ஒருவர் படுத்திருந்தார். முதல் தடவை. படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். தாதி முடிவுகளோடு வந்தபோது நான் அவர் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"உங்களுக்கு எவ்வளவாம், அண்ணை?"