செங்கல்வராயன் மடியில் சீனத்து நாய்

யாரோ ஒரு சீனத்து ராஜாவுக்கு மடி சும்மா இருப்பது பிடிக்கவில்லை. அதற்காகக் குட்டை நாய்களாகப் பார்த்துச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக மூஞ்சியைச் சப்பையாக்கி, காவலுக்கும் வேட்டைக்கும் உதவாத ஒரு ஜாதியை அரண்மனைக்காரர்கள் உண்டாக்கிவிட்டார்கள். மனிதர் மடியை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. பிறகு டச்சுக்காரன் கப்பலில் ஏற்றிப் போனான், வெள்ளைக்காரச் சீமாட்டிகள் கொஞ்சினார்கள், ஊரெல்லாம் சுற்றி அது திருப்பதிக்கும் வந்தது. பக் என்று பெயர். மூச்சு விடவே மூக்கு போதாத ஜீவனைச் சித்தூர் ஜில்லா வெயிலுக்குக் கொண்டுவந்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நன்றாகக் கேட்கலாம்.

அலிபிரி பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் பிரியங்கா வீட்டில் அது ஏ.சி. அறையில் வளர்ந்தது. உருண்டையாய்ப் பழுப்பாய் இருந்ததால் லட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் அமெரிக்கா கிளம்பியபோது, சப்பை மூக்கு நாயை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். வாட்ச்மேன் செங்கல்வராயன் கையில் சங்கிலியைக் கொடுத்துவிட்டு பிரியங்கா அழுதாள்.

"தாத்தா, இதுக்கு ரெண்டு விஷயம் ஆகவே ஆகாது. வெயில் ஆகாது. தனியா விட்டா ஆகாது."

ஆகாதது இரண்டையும் சொன்னாள், நாயையும் விட்டுப் போனாள்.

மனைவி பாப்பாத்தி இறந்த பிறகு செங்கல்வராயனுக்குப் பேச ஆள் கிடையாது. மகன் கிரண்குமார் தடா பக்கம் கம்பெனி வேலை. பண்டிகைக்குப் போன் செய்வதோடு சரி. முழங்கால் மடக்க முடியாமல் போகவே வேலையை விட்டுவிட்டு, கங்காதர நெல்லூருக்கு உள்ளே தள்ளியிருந்த சொந்தக் கிராமத்துக்கு நாயோடு வந்து சேர்ந்தார். அக்கா மகன் ஹரிபாபு ஆட்டோவில் ஏற்றிவரும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா மாமா, சைனா மாலா? கேரண்டி இன்னா போட்டுக்கீறான்?"

ஊரே சிரித்தது. லட்டு எதையும் கண்டுகொள்ளவில்லை. அவர் உட்கார்ந்தால் மடியில் ஏறி, நெற்றிச் சுருக்கத்தோடு அவர் முகத்தையே பார்த்துவிட்டுக் குறட்டை விடும். நின்றால் அவர் பாதத்தின்மேல் உட்காரும். அவர் கண்ணில் படாவிட்டால் மூச்சு இரைக்கத் தேடும். ஈரச் சாக்கு, மண் தொட்டி, ஃபேன் என்று முதல் கோடையை எப்படியோ தள்ளினார். பாப்பாத்தியிடம் பேசாததையெல்லாம் அதனிடம் பேசினார்.

இரண்டாவது கோடையில் கங்கம்மா ஜாத்திரை வந்தது. கரகம் தூக்கும் உரிமை அந்த ஊரில் எப்போதும் மேலத் தெருவுக்குத்தான். செங்கல்வராயன் தெருவில் ஒரு தலைமுறைக்கு முன்பு யாருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. கரகத்தைத் தள்ளி நின்று கும்பிட்டவர்கள். பல வருஷச் சண்டைக்குப் பிறகு இந்த வருஷம் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். தெரு கூடி, வயதில் மூத்த செங்கல்வராயனைத் தேர்ந்தெடுத்தது. பூசாரி வெங்கடசாமி மஞ்சள் காப்பை அவர் மணிக்கட்டில் கட்டி, "இத அவுக்கிற வரிக்கும் எல்லக்கல்லத் தாண்டப்படாது" என்றார். தாண்டினால் ஜாத்திரையே கெட்டது. அடுத்த வருஷம் கரகம் மேலத் தெருவுக்கே திரும்பும்.

காப்பு கட்டிய மறுநாள் கரண்ட் போனது. மத்தியானம் லட்டுவின் நாக்கு நீலம் பாரித்தது. அவர் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். வந்துபோகும் மாட்டு டாக்டர் போனை எடுக்கவில்லை. இனி சித்தூர் ஆஸ்பத்திரிதான். ஹரிபாபுவின் ஆட்டோவில் எல்லைக்கல்வரை மடியில் வைத்துக்கொண்டு போனார். அங்கே இறங்கினார்.

"நீ வா மாமா. யாருக்குத் தெரியப்போவுது?"

"தெருவுக்கே ஒரு தபாதான்டா குடுத்துக்கீறாங்க. நீ போ, சீக்கிரம் போ."

தோள் துண்டை நனைத்து, அதில் லட்டுவைச் சுற்றிச் சீட்டில் படுக்கவைத்தார். ஆட்டோ நகர்ந்ததும் அது தலையைத் தூக்கி அவரைத் தேடியது. அதைப் பார்த்தவர் ஓடிப்போய் ஏறியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப்படுகிறது. ஆனால் அவர் மணிக்கட்டில் ஒரு தெருவே கட்டியிருந்தது, நான் என்ன சொல்ல?

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "மாமா, ஒரேயடியா பாயுது. மூச்சு வாங்கிக்கினே கீது. நீ பேசு, அடங்கும்."

"லட்டு, நைனா, இங்கதான்டா கீறேன். பயப்புடாத."

அந்தக் குரலைக் கேட்டதும் அது சீட்டுக்கு அடியிலும் பின்னாலும் அவரைத் தேடிப் பாய்ந்தது. இருந்த மூச்சையும் அதற்கே செலவழித்தது. பிறகு சத்தம் நின்றது. அமைதியாகிவிட்டது என்று நினைத்து, கல்லுக்குப் பக்கத்திலேயே அவர் கும்பிட்டார்.

ஹரிபாபு பொழுது சாயத் திரும்பி, கல்லுக்கு அந்தப் பக்கமே ஆட்டோவை நிறுத்தினான். காப்பு கட்டிய ஊருக்குள் செத்த உடலைக் கொண்டுவரக் கூடாது.

"'ஓனர் ராலேதா', ஓனர் வரலியான்னுதான் டாக்டர் மொதல்ல கேட்டாரு, மாமா. மடியில வெச்சிக்கினு நீயே வந்திருந்தா பொயச்சிருக்குமாம்."

சொல்லாமல் விட்டிருக்கலாம் அந்த மடையன். செங்கல்வராயன் காப்புக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஹரிபாபு குழி தோண்டினான். லட்டுவைத் துண்டோடு இறக்கி, துண்டின் ஓரத்தை இழுத்து அதன் முகத்தை மூடப்போனான். அப்போதுதான் இந்தப் பக்கத்திலிருந்து செங்கல்வராயன் கத்தினார்.

"மூஞ்ச மூடாதடா! மூச்சு முட்டும் அதுக்கு!"

ஹரிபாபு மண்ணைக் கையில் அள்ளியவன், அதைப் போட முடியாமல் நின்றுகொண்டிருந்தான்.