பல்லைக் கடித்தால் வரும் சிரிப்பு

சோமனூர்ப் பக்கம் பேருந்து திரும்பும்போதே அந்தச் சத்தம் வந்துவிடும். சடக் படக், சடக் படக். வீட்டுக்கு வீடு விசைத்தறி. மற்றவர்களுக்கு அது காதில் கேட்கும். எனக்கு இடது கன்னத்தில் கேட்கிறது. இந்த வயதிலும், ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் சாய்ந்திருந்தாலும், கன்னம் முதலில் விழித்துக்கொள்ளும். அப்புறம்தான் நான்.

சிறு பெண்ணாக இருந்தபோது ஒரு காலையில் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். தறியிலிருந்து நாடா பறந்தது. நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற கட்டை அது. முனையில் இரும்புக் கூர் உண்டு. என் காதுக்கு முன்னால் கிழித்துக்கொண்டு போய்விட்டது. ஊர் டாக்டர் தோலைச் சேர்த்துத் தைத்தார். கண் தப்பியதே பெரிசு என்று வீட்டில் சாமிக்கு விளக்குப் போட்டார்கள். தோலுக்கடியில் ஒரு நரம்பும் அறுந்திருந்தது யாருக்குத் தெரியும்?

பள்ளிக்கூட வயதில் முகம் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். வயது ஏற ஏறத்தான் அந்தப் பாதி இறங்கத் தொடங்கியது. புருவம் இறங்கியது, கன்னம் இறங்கியது, வாயோரம் இறங்கியது. ஈரத் துணியைக் கொடியில் ஒரு பக்கம் மட்டும் கிளிப் மாட்டி விட்டதுபோல. மோர் குடித்தால் இடது பக்கம் ஒழுகும். கல்யாணமாகி வந்த பிறகு கணவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனால், மூடாத கண்ணில் காற்று அடித்துத் தண்ணீராக வழியும். "அழுவாத அம்மணி, மெதுவாத்தான் ஓட்டறேன்" என்பார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பிக்குப் பெண் அமைந்தது. காரமடைப் பெண். உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்து, தை மாதம் முகூர்த்தம் என்று பேசியும் ஆயிற்று. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவள் சபை நடுவில் இணையாக இருப்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கக்கத்தில், மறுமுனை அவள் கையில். மணப்பெண்ணுக்கு அடுத்தபடியாக அன்று எல்லோரும் பார்க்கிற முகம் அவளுடையது. அந்த வருடங்களில் வீடியோக்காரர் விளக்கும் சேர்ந்துகொண்டது. சூரியனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததுபோல அடிப்பார்கள்.

பெரியம்மா பிரியமாகத்தான் ஆரம்பித்தார். "ஏஞ்சாமி, ஒன்னுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருக்கறாளே, அவ சேலையப் புடிச்சுக்கட்டும். இவளுக்கு எதுக்குச் சங்கடம்? பொண்ணூட்டுக்காரங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "சரீங் பெரீம்மா. அப்பிடியே மாப்பிள்ளையும் ஒன்னுவிட்டவன் ஒருத்தனப் பாத்துக்குங்க. நா வரலீங்க."

எனக்கு அந்தச் சேலை முனை வேண்டும் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று, ஒரு விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். விரலை எடுத்தேன். இறங்கிவிட்டது. சபையில் விரலோடா நிற்க முடியும்?

கோயமுத்தூரில் முகத்துக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒருவரைக் கணவர் விசாரித்து வைத்திருந்தார். தம்பியையும் சேர்த்து மூன்று பேரும் போனோம். டாக்டருக்குத் தம்பி வயதுதான் இருக்கும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு முகம் வரைந்தார். என் முகத்தைவிட அழகாக இருந்தது.

"ஏனுங்கம்மா, அடிபட்ட புதுசுலயே வந்திருந்தா நரம்பத் தேடிப் புடிச்சு ஒட்டுப் போட்டிருக்கலாமுங்க. இத்தன வருசம் சேதி வராமெயே இருந்து அந்தச் சதை சோந்து போச்சு. இனி அதை எழுப்ப முடியாது. வேற வழிதான் பாக்கணும்."

தொடையிலிருந்து ஒரு பட்டை நார் எடுத்து, வாயோரத்தையும் கன்னத்தையும் மேலே தூக்கிக் கட்டிவிடலாம், தூளி கட்டுவதுபோல. தைக்குள் வீக்கமும் வடிந்துவிடும். இல்லாவிட்டால் வேறொன்று. நெற்றிப்பொட்டில் கை வைத்துப் பல்லைக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். விரலுக்கடியில் என்னவோ துள்ளியது. அது மெல்லுவதற்கான சதை, அதன் நரம்பு வேறு, அதற்கு ஒரு குறையுமில்லை. அதைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து வாயோரத்தில் தைத்தால், பல்லைக் கடிக்கும்போது வாயோரம் மேலே ஏறும். ஆனால் பழக மாதக்கணக்காகும். இன்னும் பெரிய வழியும் இருந்தது. தொடைச் சதையையே ரத்தக்குழாயோடு எடுத்துவந்து முகத்தில் தைப்பது. அதற்கு நல்ல பக்கத்து நரம்பிலிருந்து ஓர் ஒட்டு நரம்பை இழுத்துவர வேண்டும். இரண்டு ஆபரேஷன், வருடக்கணக்கு. கண்ணுக்கோ, எதைத் தேர்ந்தாலும், மேல் இமைக்குள் ஒரு சின்னத் தங்கத் துண்டு. அந்தக் கனத்தில் இமை தானாக மூடும்.

"தங்கமுங்களா!" என்றார் என் கணவர். "உள்ள வெச்சுத் தெச்சுட்டா அவசரத்துக்கு எடுத்து அடகு வெக்க முடியாதுங்களே டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். தம்பி சிரித்தான். நானும் பாதி சிரித்தேன். மீதிப் பாதிக்குத்தானே வந்திருக்கிறோம்.

"தூளியே கட்டிருங்க டாக்டர்" என்றேன். நேரான முகம். தை மாதம். வேறென்ன வேண்டும்?

தம்பிதான் கேட்டான். "அதுல அக்கா சிரிக்குமுங்களா?"

"நேரா இருக்குமுங்க. ஆனா அந்தப் பக்கம் அசையாது."

"அந்தப் பல்லுக் கடிக்கற ஆபரேசன்ல?"

"பழகுனாச் சிரிக்கலாம். ஆனா தைக்கு ஆகாதுங்க தம்பி. ஆடி தாண்டிரட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி யாரிடமும் சொல்லாமல் காரமடைக்குப் போய்விட்டான். பேசி முடித்த முகூர்த்தத்தைத் தள்ளிக் கேட்பது எங்கள் பக்கம் விளையாட்டல்ல. அதற்குள் ஊர் ஒரு கதை கட்டிவிடும், கதை பெண்ணின் தலையில் விழும். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, "ஏனுங் மாப்ள, எம்புள்ளையில ஏதாச்சும் கொறையா?" என்றாராம். இவன் படபடவென்று நாரையும் தூளியையும் பல்லையும் கொட்டியிருக்கிறான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு விளங்கியிருக்கிறது. வெளியே வந்து சொன்னாளாம்: "நங்கையா சிரிச்சுட்டே சேலையப் புடிக்கட்டுமுங்கப்பா. ஆவணின்னா ஆவணி. அதுக்குள்ள நா எங்கீங் ஓடிப்போறேன்?"

புருஷனின் அக்காவை நங்கையா என்பது எங்கள் வழக்கம். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை, அதுவும் நான் இல்லாத இடத்தில். ஒரு வார்த்தைகூடப் பேசியிராதவள் எனக்காகத் தன் நாளைத் தள்ளி வைத்தாள். இத்தனை வருடமாக எத்தனையோ கதை எழுதிக் கிழித்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் வரி இல்லை.

ஆபரேஷன் முடிந்து முகம் பூசணிக்காயாகக் கிடந்தது. வடிந்தது. பிறகு கண்ணாடியும் நானும்தான். மெல்லக் கடி, விடு. மெல்லக் கடி, விடு. ஒரு நாள் இடது வாயோரம், தூக்கம் கலைந்த குழந்தைபோல, நகர்ந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் முன்னால் ஓடிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் அம்மணி, எம்மேல கோவமா?"

"இல்லீங்க. சிரிக்கறேன்."

பேப்பரை இறக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய கண்ணில் தங்கம் இல்லை. அன்று அதுவும் மூடாமல் தண்ணீராக வழிந்தது.

டாக்டர் முன்பே சொல்லியிருந்த ஒரு தொல்லையும் கூடவே வந்தது. மெல்லுகிற சதை அல்லவா? சோறு மென்றாலும் வாயோரம் ஏறிவிடும். தோசையைப் பார்த்தும் சிரித்தேன், பாகற்காயைப் பார்த்தும் சிரித்தேன்.

ஆவணியில் காரமடை மண்டபம். சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் கூறைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். ஒரு முனை தம்பி கக்கத்தில். மறுமுனை என் கையில். நாதஸ்வரம், மஞ்சள், வீடியோ விளக்கு. அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. மாதக்கணக்கில் பழகியதெல்லாம் மறந்துபோயிற்று. தம்பி அசையாமல், உதட்டோரமாக, "அக்கா, பல்லு" என்றான்.

கடித்தேன். ஏறியது. முன்வரிசையில் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

பந்தியில்தான் வம்பு. நான் சோற்றை மெல்ல மெல்ல, பரிமாறிய பெண்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாருங்க, அம்மணிக்கு நம்மூட்டுச் சாப்பாடு புடிச்சுப்போச்சு! மூஞ்சியே சொல்லுது. இன்னொரு லட்டு வெய்யப்பா!" வாயில் இருப்பதை மென்றால்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும். மென்றால் சிரிப்பு. சிரித்தால் லட்டு. கையை இலைமேல் குறுக்கே வைத்தேன். "கூச்சப்படாதீங்க" என்று அதையும் நகர்த்தினார். கடைசியில் மணப்பெண்தான் எட்டிப் பார்த்து, "மாமா, நங்கையா சிரிக்கலீங்க, மெல்லறாங்க. உடுங்க!" என்று காப்பாற்றினாள்.

சாயங்காலம் கணவரோடு ஊர் திரும்பப் பேருந்து ஏறினேன். மண்டபத்து வெற்றிலை இன்னும் வாயில் இருந்தது. வழியனுப்ப வந்த இருவரும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள், தம்பி மாலையைக் கழற்றிக் கையில் வைத்தபடி, அவள் கழற்றாமல். நன்றி என்கிற சொல்லை எங்கள் வீடுகளில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்து உறுமியது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங் நங்கையா, இப்பச் சிரிக்கறீங்களா, மெல்லறீங்களா?"

"ரெண்டுந்தாங் கண்ணு. வாரேன்."